கலைக்கல்லூரி போர்ட்ஃபோலியோவுக்கு ஏ.ஐ. படக்கருவிகள்: எதைத் தொடலாம், எதை ஒதுக்கலாம்

படம் உருவாக்கும் ஏ.ஐ. கருவிகளைப் பற்றி வரும் விமர்சனங்களில் பெரும்பாலானவை, எது அழகான படம் தருகிறது என்ற ஒரே அளவுகோலை வைத்து எழுதப்பட்டவை. கலைக்கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் மாணவருக்கு அந்த அளவுகோலால் பயனில்லை. இவர் எதைக் கவனிக்கிறார், எதை வேண்டாமென்று விடுகிறார், ஒரு படம் சரிவராதபோது என்ன செய்கிறார் என்று பார்க்கத்தான் தேர்வுக் குழு போர்ட்ஃபோலியோவை, அதாவது மாணவரின் படைப்புத் தொகுப்பைத் திறக்கிறது. அதனால் இங்கே எல்லாக் கருவிகளையும் ஒரே கேள்வியால் எடைபோட்டிருக்கிறோம். அதைப் பயன்படுத்திய பிறகு, மாணவர் எடுத்த முடிவுகள் படத்தில் கண்ணுக்குத் தெரிகின்றனவா, காணாமல் போகின்றனவா?

இந்தக் கேள்வியை வைத்துப் பார்த்தால் வரிசை தலைகீழாக மாறுகிறது. ஒரு வரி எழுதினால் முடிந்த படத்தைக் கையில் கொடுத்துவிடும் மிட்ஜர்னி கடைசிக்குப் போகிறது. கற்றுக்கொள்ளச் சிரமமான, முகப்பே பயமுறுத்துகிற ஸ்டேபிள் டிஃப்யூஷன் முன்னுக்கு வருகிறது. ஃபோட்டோஷாப்பில் உள்ள ஏ.ஐ. வசதிகள் எந்தப் பிரிவுக்கு விண்ணப்பிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து உதவலாம், கெடுக்கவும் செய்யலாம்.

முதலில் விதிகளைப் படியுங்கள்

கருவியைத் திறப்பதற்கு முன் விண்ணப்பிக்கும் இடத்தின் விதியைத் திறக்க வேண்டும். இடத்துக்கு இடம் விதி வேறுபடுகிறது. அமெரிக்காவின் காலேஜ் போர்டு அமைப்பு பள்ளி மாணவர்களுக்கு நடத்தும் ஏ.பி. ஆர்ட் அண்ட் டிசைன் பாடத்தில், படைப்பின் எந்தக் கட்டத்திலும் ஏ.ஐ. கருவி கூடாது என்று திட்டவட்டமாக அறிவித்தார்கள். அந்த வாசகத்தின்படி, யோசனைக்காக ஒரு மாதிரிப் படம் உருவாக்கிப் பார்ப்பதும் மீறல்தான். பல கல்லூரிகளுக்குப் பொதுவான விண்ணப்பத் தளமான காமன் ஆப், 2023-இல் தன் மோசடி விதியைத் திருத்தி, ஏ.ஐ. தந்த உள்ளடக்கத்தைச் சொந்தப் படைப்பென்று காட்டுவதையும் அதில் சேர்த்தது. வேறு சில கல்லூரிகள் எங்கே, எப்படிப் பயன்படுத்தினீர்கள் என்று எழுதிவிட்டால் ஏற்றுக்கொள்கின்றன. இன்னும் சில ஒன்றுமே சொல்வதில்லை.

ஒன்றும் சொல்லாத கல்லூரியை அனுமதி தந்த கல்லூரியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சேர்க்கை அலுவலகத்துக்கு மின்னஞ்சலில் குறிப்பாகக் கேளுங்கள். "ஏ.ஐ. பயன்படுத்தலாமா" என்று பொதுவாகக் கேட்டால் பதிலும் பொதுவாகத்தான் வரும். "என் கோட்டோவியத்துக்கு ஒளி எப்படி விழும் என்று பார்க்க ஏ.ஐ.யில் சிறு மாதிரிகள் உருவாக்கினேன். இறுதி ஓவியம் முழுக்கக் கையால் வரைந்தது. குறிப்பில் இதைச் சொல்லிவிட்டால் போதுமா?" என்று கேட்டால் ஆம், இல்லை என்று பதில் வரும். அந்தப் பதிலையும், விதி இருக்கும் பக்கத்தையும் தேதி தெரியும்படி பி.டி.எஃப். ஆகச் சேமித்து வையுங்கள். இந்த விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறுகின்றன.

ஒரே போர்ட்ஃபோலியோவை ஐந்தாறு கல்லூரிகளுக்கு அனுப்புபவர்கள் மிகக் கடுமையான விதியை அடிப்படையாக வைத்துக்கொண்டு வேலை செய்வது நல்லது. அமெரிக்கக் கலைக்கல்லூரியான ரோட் ஐலண்ட் ஸ்கூல் ஆஃப் டிசைன் 12 முதல் 20 படைப்புகள் கேட்கிறது. அப்படியொரு தொகுப்பில் ஏ.ஐ. தொடர்பு உள்ளவை ஒன்றோ இரண்டோ இருக்கட்டும். அவற்றை உருவி எடுத்தாலும் மிச்சம் உள்ளவை தனித்து நிற்க வேண்டும். உருவினால் தொகுப்பே சரிகிறதென்றால், அந்தத் தொகுப்பு இன்னும் தயாராகவில்லை.

பதிப்புரிமை ஒரு சிறு விஷயம்தான், ஆனாலும் தெரிந்திருக்க வேண்டும். 2023 பிப்ரவரியில் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம், மிட்ஜர்னி படங்களைக் கொண்டு செய்த ஒரு காமிக்ஸ் நூலில் எழுத்துக்கும் பக்க அமைப்புக்கும் உரிமை உண்டு, படங்களுக்கு இல்லை என்றது. 2025 ஜனவரி அறிக்கையில், ப்ராம்ப்ட் (கருவிக்கு எழுத்தில் தரும் கட்டளை) எழுதியது மட்டுமே ஒருவரைப் படைப்பாளியாக்கப் போதாது என்று இன்னும் தெளிவாகச் சொன்னது. தேர்வுக் குழு இந்த அறிக்கையைப் படிக்காமல் இருக்கலாம். ஆனால் இதே தர்க்கத்தோடுதான் உங்கள் படத்தைப் பார்க்கும்.

மிட்ஜர்னி

2022 ஜூலையில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட கருவி. மேற்பரப்பின் நேர்த்தியில் இதோடு போட்டிபோடுவது கடினம். சிக்கல் என்னவென்றால், இதற்கென்று ஒரு ரசனை இருக்கிறது. கேட்காமலே அதை உங்கள் படத்தில் பூசிவிடும். ஸ்டைலைஸ் என்ற அளவை 0 முதல் 1000 வரை வைக்கலாம், ஒன்றும் சொல்லாவிட்டால் 100. அந்த இயல்பு நிலையிலேயே உருவம் நடுவில் வந்து நிற்கும், பின்னாலிருந்து ஒளி வரும், பின்னணி மங்கும், நிறங்கள் நீலத்துக்கும் ஆரஞ்சுக்கும் ஓடும். அளவை 0-க்கு இறக்கி, ரா பாணியைத் தேர்ந்தெடுத்தால் பூச்சு குறையும். ஆனால் எதை எங்கே வைப்பது, எங்கே வெட்டுவது என்ற முடிவுகளை இன்னமும் அதுதான் எடுக்கிறது. கலைக்கல்லூரி உங்களிடம் பார்க்க விரும்புவது அந்த முடிவுகளைத்தான்.

பிழைகளும் குறையவில்லை, இடம் மாறியிருக்கின்றன. ஆறு விரல் கை அரிதாகிவிட்டது. இப்போது பார்க்க வேண்டிய இடங்கள் வேறு: மூக்குக்கண்ணாடியின் கால் காதுக்குப் பின்னால் எங்கே போகிறது, மாடிப்படிக் கைப்பிடியின் கம்பிகள் படிகளோடு ஒத்துப்போகின்றனவா, துணியின் கட்டம் மடிப்பில் வளைகிறதா அல்லது மடிப்புக்கு மேலே தட்டையாக மிதக்கிறதா, இரண்டு காதிலும் ஒரே தோடுதானா. டிஜிட்டல் தடயவியல் ஆய்வாளர் ஹேனி ஃபரீத் 2022-இலேயே இத்தகைய படங்களின் கண்ணோட்டமும் நிழலும் வடிவியல்படி பொருந்துவதில்லை என்று காட்டினார். அந்தச் சோதனையை யாரும் செய்து பார்க்கலாம். படத்தின் மேல் ஒரு புதிய லேயர் போட்டு, தரையில் இணையாக ஓட வேண்டிய விளிம்புகளை நேர்கோடாக நீட்டுங்கள். அவை ஒரே மறைபுள்ளியில் (இணைகோடுகள் தூரத்தில் சந்திப்பதுபோல் தெரியும் புள்ளி) சேர வேண்டும். அடுத்து, ஒவ்வொரு நிழலின் நுனியையும் அந்த நிழலைத் தரும் பொருளின் நுனியோடு இணைத்து நீட்டுங்கள். ஒரே விளக்கு என்றால் எல்லாக் கோடுகளும் ஒரே இடத்தில் சந்திக்கும். மாடலின் (படத்தை உருவாக்கும் ஏ.ஐ. நிரலின்) மனதில் ஓர் அறையோ விளக்கோ கிடையாது. எந்தப் புள்ளிக்குப் பக்கத்தில் எந்தப் புள்ளி வரும் என்ற பழக்கம் மட்டுமே இருக்கிறது. தூரத்தில் உள்ள இரண்டு பகுதிகள் ஒன்றோடொன்று முரண்படுவது இதனால்தான்.

இந்தப் பிழைகளைக் கையால் திருத்தி அனுப்பலாமே என்று சிலர் நினைக்கிறார்கள். திருத்தலாம், ஆனால் நேர்காணலில் "இந்த ஒளியை ஏன் இடப்பக்கம் வைத்தாய்?" என்று கேட்டால் சொல்லப் பதில் இருக்காது. குழுவில் இருப்பவர்களில் பலர் தாங்களே ஓவியர்கள் என்பதையும் மறக்கக் கூடாது. 2023 ஜனவரியில் சாரா ஆண்டர்சன், கெல்லி மெக்கெர்னன், கார்லா ஓர்ட்டிஸ் ஆகிய மூவர், அனுமதியில்லாமல் தங்கள் படங்களைக் கொண்டு மாடல்களைப் பயிற்றுவித்ததாக ஸ்டெபிலிட்டி ஏ.ஐ. (ஸ்டேபிள் டிஃப்யூஷனை வெளியிட்டது), மிட்ஜர்னி, டீவியன்ட்ஆர்ட் (கலைப்படங்களைப் பகிரும் தளம்) நிறுவனங்கள் மீது வழக்குத் தொடுத்தார்கள். வாழும் ஓவியர் ஒருவரின் பெயரை ப்ராம்ப்டில் எழுதி உருவாக்கிய படத்தை அப்படிப்பட்டவர்கள் முன் நீட்டுவது அறத்துக்கும் ஒவ்வாது, புத்திசாலித்தனமும் ஆகாது.

இன்னொன்று, இதில் உருவாக்கும் படங்கள் இயல்பாகவே எல்லோரும் பார்க்கும்படி இருக்கும். மறைத்து வைக்கும் வசதி மேல்நிலைச் சந்தாக்களில்தான் உண்டு.

யோசனை தேடும் கட்டத்துக்குக்கூட இதைவிட நல்ல இடங்கள் இருக்கின்றன. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017-இல் 3,75,000-க்கும் மேற்பட்ட படங்களைக் கட்டுப்பாடின்றிப் பயன்படுத்தத் திறந்துவிட்டது. ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியமும் அப்படியே. உண்மையான கை உண்மையான பொருளைப் பார்த்து வரைந்த படத்திலிருந்து கற்றுக்கொள்வதற்கு நிறைய இருக்கிறது.

ஸ்டேபிள் டிஃப்யூஷன்

2022 ஆகஸ்டில் வெளிவந்தது. சொந்தக் கணினியிலேயே ஓடும். 1.5 பதிப்பு 512 பிக்சல் சதுரத்துக்குப் பயிற்றுவிக்கப்பட்டது, 2023 ஜூலையில் வந்த எக்ஸ்.எல். பதிப்பு 1024 பிக்சலுக்கு. எழுத்திலிருந்து படம் எடுப்பது இதிலும் உண்டு, ஆனால் போர்ட்ஃபோலியோவுக்கு அது மிட்ஜர்னியைப் போலவே உதவாது. இதன் மதிப்பு, உங்கள் வரைபடத்தை உள்ளே கொடுத்து எவ்வளவு மாற்ற விடலாம் என்று நீங்களே தீர்மானிப்பதில் இருக்கிறது.

அந்தத் தீர்மானத்துக்கான திருகு, டீநாய்சிங் ஸ்ட்ரெங்த் என்ற 0 முதல் 1 வரையிலான அளவு. ஒரு நாற்காலி, அதன் மேல் கசங்கிக் கிடக்கும் சால்வை என்று ஒரு கரிக்கோல் வரைபடத்தை எடுத்துக்கொள்வோம். 0.25-இல் படம் அப்படியே இருப்பதுபோல் தோன்றும். பெரிதாக்கிப் பார்த்தால் தாளின் சொரசொரப்பு போயிருக்கும், விரலால் தேய்த்த தடம் வழவழப்பான சாம்பல் நிறமாகியிருக்கும். 0.45-இல் சால்வையின் மடிப்புகள் மாறத் தொடங்கும். எங்கே துணி நாற்காலியின் முதுகில் தொங்கி இறுகுகிறதோ, அங்கே நீங்கள் போட்ட இரண்டு கடினமான கோடுகள் போய் எந்தத் துணிக்கும் பொருந்தும் பொதுவான அலைகள் வந்திருக்கும். பின்கால் சட்டத்தோடு சேரும் மூட்டு நகர்ந்திருக்கும். 0.7-க்கு மேல் போனால் அது வேறு நாற்காலி. இந்த மூன்று படங்களையும் மூலப் படத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்ல பாடம். உங்கள் வரைபடத்தில் எது உங்களுடையது என்பதை, அது அழிந்துபோகும் வரிசையே காட்டிக்கொடுக்கிறது.

அடுத்தது, ஸ்டேபிள் டிஃப்யூஷனோடு சேர்த்து இயக்கும், 2023 பிப்ரவரியில் வந்த கன்ட்ரோல்நெட். கோடு, ஆழம், உடல்நிலை போன்ற ஒன்றைப் பூட்டி வைத்துவிட்டு மற்றவற்றை மட்டும் மாடலை நிரப்பச் சொல்லலாம். போர்ட்ஃபோலியோ வேலையில் இதை ஒரு காரியத்துக்குத் தயங்காமல் பரிந்துரைக்கலாம்: பெரிய ஓவியத்தைத் தொடங்கும் முன் ஒளியும் நிழலும் எப்படிப் பிரிகின்றன என்று பார்க்கும் சிறு மாதிரிகள். கோட்டோவியத்தை ஸ்கேன் செய்து, லைன்ஆர்ட் வகையைத் தேர்ந்தெடுத்து, எடையை (உங்கள் கோட்டை எவ்வளவு கறாராகப் பின்பற்ற வேண்டும் என்ற அளவு) 0.8-க்கும் 1-க்கும் இடையில் வைத்து, ஜன்னல் ஒளி, தலைக்கு மேல் ஒற்றை விளக்கு, மேகமூட்டமான பகல் என்று ஐந்தாறு நிலைகளை 512 பிக்சலில் எடுங்கள். வேண்டுமென்றே சிறிதாக எடுக்க வேண்டும். பெரிதாக எடுத்தால் துணியின் நெசவும் தோலின் மினுக்கும் கண்ணை இழுத்து, அவற்றையே பார்த்து வரையத் தோன்றிவிடும். சிறிய படத்தில் இருட்டும் வெளிச்சமும் மட்டும்தான் தெரியும். அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்று ஸ்கெட்ச்புக்கில் இரண்டு வரி எழுதி, கோப்பை மூடிவிட்டு, உண்மையான விளக்கை உண்மையான பொருள் மேல் அந்தக் கோணத்தில் வைத்து வரையுங்கள். மாதிரியில் வந்த நிழல் தவறாக இருந்ததை அங்கேயே கண்டுபிடிப்பீர்கள். அந்தக் கண்டுபிடிப்பையும் ஸ்கெட்ச்புக்கில் குறித்து வைத்தால் அது போர்ட்ஃபோலியோவில் வைக்கத்தக்க பக்கம்.

இதில் அடிக்கடி தவறுவது மூன்று இடங்களில். கன்ட்ரோல்நெட்டின் லைன்ஆர்ட் வகை கறுப்புப் பின்னணியில் வெள்ளைக் கோட்டை எதிர்பார்க்கிறது. வெள்ளைத் தாளில் கறுப்புக் கோடாக நேரடியாகக் கொடுத்தால் படம் குழம்பிவிடும். இன்வர்ட் என்ற முன்செயலியை (படத்தை கன்ட்ரோல்நெட்டுக்கு ஏற்ப முதலில் மாற்றித் தரும் நிரல்) தேர்ந்தெடுத்தால் சரியாகும். இரண்டாவது, முன்செயலியின் அளவு 512-இலேயே நின்றுவிடுவது. எக்ஸ்.எல். மாடலுக்கு அதை 1024 ஆக்காவிட்டால், நெருக்கமான மெல்லிய கோடுகள் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும்.

மூன்றாவதற்குத் தீர்வு கிடையாது. நீங்கள் வேண்டுமென்றே விட்ட கோட்டை மாடல் நிரப்பிவிடும். வெளிச்சம் படும் கன்னத்தில் கோட்டை அறுத்து, தாளின் வெண்மையையே கன்னமாக விட்டிருப்பீர்கள். மாடல் அங்கே ஒரு விளிம்பைப் போட்டு மூடும். நல்ல கோட்டோவியத்தில் விட்ட இடங்களும் போட்ட கோடுகளுக்குச் சமம். இந்தக் காரணம் ஒன்றுக்காகவே, கன்ட்ரோல்நெட்டில் ஓட்டிய படத்தை இறுதிப் படைப்பாக அனுப்பக் கூடாது என்கிறோம்.

லோரா என்ற வசதியைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஏ.ஐ.யையே கருப்பொருளாக எடுக்கும் மாணவருக்கு இதுதான் நேர்மையான வழி. உங்கள் சொந்த வரைபடங்கள் 20 முதல் 30 வரை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் படத்தில் என்ன இருக்கிறது என்று எளிய குறிப்பு எழுதி, மூல மாடலின் மேல் ஒரு சிறு துணை மாடலைப் பயிற்றுவிக்கலாம். எக்ஸ்.எல். மாடலுக்கு 12 ஜி.பி. நினைவகம் உள்ள கிராஃபிக்ஸ் அட்டை இருந்தால் சிரமமில்லை. படங்கள் எல்லாம் ஒரே தாளில், ஒரே வெளிச்சத்தில் எடுத்தவையாக இருந்தால், மாடல் உங்கள் கோட்டை விட்டுவிட்டுத் தாளின் நிறத்தைக் கற்றுக்கொள்ளும். பயிற்சி அதிகமானால் எந்த ப்ராம்ப்டுக்கும் அதே இருபது படங்களின் கலவை வரும். அதனால் ஒவ்வொரு சில நூறு படிகளுக்கும் ஒரு நகலைச் சேமித்து, ஒப்பிட்டு, முன்கட்ட நகல் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது வழக்கம்.

இதில் கிடைக்கும் படங்கள் பெரும்பாலும் நன்றாக இருக்காது. கிடைப்பது ஒரு கண்ணாடி: எல்லா முகங்களையும் ஒரே பக்கம் சாய்ப்பது, கைகளைப் பாக்கெட்டிலும் துணியிலும் ஒளித்துவிடுவது, நிழலை எப்போதும் ஒரே திசையில் கோடிழுத்துப் போடுவது போன்ற உங்கள் பழக்கங்களை அது பெரிதாக்கிக் காட்டும். அதைப் பார்த்த பிறகு, ஒளித்த கைகளை வரிசையாக வரைந்து ஒரு தொடர் செய்தால், அது எந்தக் குழுவும் நின்று பார்க்கும் வேலை. பயிற்சிக்குக் கொடுத்த படங்கள், கெட்டுப்போன விளைவுகள், பிறகு கையால் வரைந்தவை மூன்றும் ஒரே பக்கத்தில் இருக்கட்டும். துணை மாடல் உங்களுடையது, ஆனால் அடியிலுள்ள மாடல் கோடிக்கணக்கான பிறர் படங்களில் பயின்றது என்பதையும் குறிப்பில் எழுதுங்கள். அதை மறைத்து "என் சொந்த ஏ.ஐ." என்று எழுதினால், விவரம் தெரிந்தவர் ஒருவர் குழுவில் இருந்தாலே போதும், மொத்தத் தொகுப்பின் மீதும் சந்தேகம் விழும்.

ஃபோட்டோஷாப்

2023 செப்டம்பரில் முழுமையாக வெளியான ஜெனரேட்டிவ் ஃபில், அடோபியின் ஃபயர்ஃபிளை மாடலில் ஓடத் தொடங்கியது. அடோபி ஸ்டாக் படங்களிலும், உரிமம் பெற்றவற்றிலும், பதிப்புரிமை முடிந்தவற்றிலும் பயிற்றுவித்ததாக நிறுவனம் சொல்கிறது. புகைப்படப் பிரிவுக்கு விண்ணப்பிப்பவர் இதை முற்றிலும் தவிர்க்க வேண்டும். சட்டகத்துக்குள் எது வரும், எது வெளியே நிற்கும் என்ற முடிவே அங்கே மதிப்பிடப்படுகிறது. கிராஃபிக் டிசைன் பிரிவுக்கு, செய்து முடித்த போஸ்டரைச் சுவரில் ஒட்டியதுபோல் காட்டும் மாதிரிப் படத்தின் பின்னணியை நீட்டிக்க இது போதுமான கருவி. தேர்வுப் பகுதி பெரிதாக இருந்தால் நிரப்பிய இடம் மட்டும் மென்மையாக, சுற்றியுள்ள பகுதியின் மணல்போன்ற நுண்புள்ளிகளோடு ஒட்டாமல் தெரியும். சிறு சிறு பகுதிகளாகப் பிரித்து நிரப்பினால் இது குறையும்.

பலருக்குத் தெரியாத பொறி ரிமூவ் கருவியில் இருக்கிறது. ஸ்கேன் செய்த ஓவியத்தில் தூசியையும் முடியையும் நீக்க எல்லோரும் இதைத்தான் எடுக்கிறார்கள். புதிய பதிப்புகளில் இதற்கு ஜெனரேட்டிவ் ஏ.ஐ. தேர்வு ஒன்று உண்டு, தானாக முடிவெடுக்கும் நிலையிலும் அது இருக்கலாம். அதைக் கவனிக்காமல் தூசியைத் துடைத்தால், ஏ.ஐ. முழுத் தடை உள்ள இடத்துக்கு அனுப்பும் படத்திலும் ஏ.ஐ. பிக்சல் புகுந்துவிடும். மேலே உள்ள பட்டையில் அதை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பழைய ஹீலிங் பிரஷ்ஷோ க்ளோன் ஸ்டாம்ப்போ போதும். தூசிக்கு அவையே தாராளம்.

படத்தைப் பெரிதாக்கும் கருவிகள்

கருத்தில் மிகக் கறாராக இருக்க வேண்டிய இடம் இது. ஓவியத்தை மங்கலாகப் புகைப்படம் எடுத்துவிட்டு, ஏ.ஐ. அப்ஸ்கேலரில் கொடுத்துக் கூர்மையாக்குவது பரவலாகிவிட்டது. பென்சில் வேலைக்கு இது நாசம். அப்ஸ்கேலர் இல்லாத விவரத்தை ஊகித்துப் போடுகிறது. குறுக்கும் நெடுக்குமாகப் போட்ட நிழல்கோடுகளை அது முடியாகவோ துணி நெசவாகவோ படித்து, ஒவ்வொரு கோட்டையும் ஒரே தடிமனில், ஒரே கூர்மையில் மறுபடி வரைகிறது. கையின் அழுத்தம் கூடிக் குறைந்த தடம் போய்விடுகிறது. மதிப்பிடுபவர் பெரிதாக்கிப் பார்ப்பது அந்தத் தடத்தைத்தான். அந்த இடத்தில் பிளாஸ்டிக் போன்ற கோட்டைக் கண்டால், கையால் வரைந்த படத்தையே ஏ.ஐ. படமென்று சந்தேகிப்பார். உழைத்து வரைந்தவருக்கு இதைவிட அநியாயம் வேறில்லை.

முதல் முறையே நன்றாக எடுப்பதுதான் வழி. ஓவியத்தைச் சுவரில் செங்குத்தாக மாட்டி, இரண்டு பக்கமும் ஒரே வகை விளக்கை 45 பாகைக் கோணத்தில், சம தூரத்தில் வையுங்கள். கேமராவை முக்காலியில் நிறுத்தி, லென்ஸின் நடு ஓவியத்தின் நடுவுக்கு நேராக இருக்கட்டும். ஐ.எஸ்.ஓ. 100, துவாரம் எஃப்/8, இரண்டு விநாடி டைமர். ஓரத்தில் ஒரு சாம்பல் அட்டையை வைத்து எடுத்தால் வெண்மைச் சமன் பிறகு ஒரு சொடுக்கில் சரியாகும். கைபேசியில் எடுப்பவர்கள் அழகூட்டும் வசதிகளையும் இரவு நிலையையும் அணைத்துவிட்டு, அகலக்கோண லென்ஸை விடுத்து முதன்மை லென்ஸில், கொஞ்சம் தள்ளி நின்று எடுக்க வேண்டும். பக்கத்தில் போனால் விளிம்புகள் வளையும். ஏ4 அளவுக்குள் அடங்கும் பென்சில் வேலையை 600 டி.பி.ஐ.யில் ஸ்கேன் செய்துவிடுவது எல்லாவற்றையும் விட எளிது.

கருத்துச் சொல்லும் சாட்பாட்கள்

சாட்ஜிபிடி, ஜெமினி, கிளாட் போன்றவற்றிடம் படத்தைக் காட்டிக் கருத்துக் கேட்பவர்கள் அதிகம். "எப்படி இருக்கிறது?" என்று கேட்டால் பாராட்டுதான் வரும். தலைக்கும் உடலுக்கும் உள்ள விகிதம் சரியா என்று கேட்டாலும் நம்ப முடியாது. அளந்து சொல்வதில் இவை பலவீனம். பிழையான தோள்பட்டையைச் சரியென்றும், சரியானதைப் பிழையென்றும் ஒரே உறுதியோடு சொல்லும். படத்தைக் கண்ணாடியில் திருப்பிப் பார்ப்பது இதைவிட நம்பகமான சோதனை.

இவற்றுக்கு ஒரு நல்ல பயன் உண்டு. "மதிப்பிட வேண்டாம். இந்தப் படத்தில் கண் முதலில் எங்கே போகிறது, அடுத்து எங்கே, என்ன நடப்பதாகத் தெரிகிறது என்று மட்டும் சொல்" என்று கேளுங்கள். நீங்கள் மையமாக நினைத்த பொருளை அது கடைசியில் சொன்னாலோ, சொல்லாமலே விட்டாலோ, அங்கே ஒளி வேறுபாடு போதவில்லை என்று சந்தேகிக்கலாம். அதே கேள்வியைப் படத்தைப் பார்த்திராத ஒரு மனிதரிடமும் கேட்டு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். நேர்காணலுக்குப் பயிற்சி எடுக்கவும் இவை உதவும். தொகுப்பைக் காட்டி, கடினமான பத்துக் கேள்விகள் கேட்கச் சொல்லி, பதிலை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கலாம்.

விளக்கக் குறிப்பை மட்டும் இவற்றிடம் எழுதச் சொல்லாதீர்கள். நினைவு, அடையாளம், இடைவெளி, எல்லை என்று நான்கு பெரிய சொற்களைச் சுற்றி எந்த ஓவியருக்கும் பொருந்தும் ஒரு பத்தி வரும். அந்தப் பருவத்தில் குழுவின் மேசைக்கு வரும் பல குறிப்புகளும் அதே பத்தியாகத்தான் இருக்கும். ஓவியத்தை முன்னால் வைத்து, எதைப் பார்த்தீர்கள், எந்த இடத்தில் திணறினீர்கள், எதை மாற்றினீர்கள் என்று கைபேசியில் பேசிப் பதிவு செய்து, அதை எழுத்தாக்கி, சொல் எண்ணிக்கைக்குள் நீங்களே வெட்டுங்கள். "சால்வை மூன்றாம் நாள் சரிந்துவிட்டது, அதனால் இடப்பக்கத்தை மறுபடி வரைந்தேன்" என்ற ஒரு வாக்கியம் எந்தப் பெரிய சொல்லையும் விடக் கனமானது. எழுத்துப்பிழை பார்க்க மட்டும் சாட்பாட்டை வைத்துக்கொள்ளலாம், அதையும் விதி அனுமதித்தால்.

தடத்தைப் பாதுகாப்பது

ஏ.ஐ.யைக் கண்டுபிடிக்கும் மென்பொருள்கள் இரண்டு பக்கமும் தவறுகின்றன. வழவழப்பான டிஜிட்டல் ஓவியத்தை மனிதர் வரைந்திருந்தாலும் ஏ.ஐ. என்று சொல்லிவிடுகின்றன. அதனால் ஏ.ஐ.யைத் தொடாதவர்களும் தங்கள் வேலையின் தடத்தை வைத்திருப்பது இப்போது அவசியமாகிவிட்டது. புரோகிரியேட்டில் வரைபவர்களுக்கு டைம்லாப்ஸ் பதிவு தானாகவே நடக்கும். கிளிப் ஸ்டுடியோவிலும் கிரிட்டாவிலும் பதிவு வசதியைத் தொடங்கும்போதே இயக்க வேண்டும். லேயர்களை ஒன்றாக்காத மூலக்கோப்பை வைத்திருங்கள். தாளில் வரைபவர்கள் கட்டத்துக்கு ஒரு புகைப்படம் எடுத்தால் போதும், ஒரு படைப்புக்கு ஐந்தாறு.

ஏ.ஐ. பயன்படுத்தியவர்கள் கூடுதலாகச் செய்ய வேண்டியது ஒன்றுண்டு. ஸ்டேபிள் டிஃப்யூஷனை இயக்கும் முகப்புகளான கம்ஃபியூஐ, ஆட்டோமேட்டிக்1111 இரண்டும் ப்ராம்ப்ட், சீட் எண் (அதே படத்தை மறுபடி எடுக்க உதவும் தொடக்க எண்), அமைப்புகள் எல்லாவற்றையும் பி.என்.ஜி. கோப்புக்குள்ளேயே எழுதி வைக்கின்றன. ஜேபெக் ஆக மாற்றும்போது அவை பெரும்பாலும் போய்விடும். மூலக் கோப்பை அப்படியே தனிக் கோப்புறையில் வையுங்கள். ஃபயர்ஃபிளையும் ஓப்பன்ஏஐயும் தங்கள் படங்களில் சி2பிஏ தரத்தின்படி தோற்றச் சான்றை இணைக்கின்றன, கூகுளின் சின்த்ஐடி கண்ணுக்குத் தெரியாத குறியைப் பிக்சலிலேயே பதிக்கிறது. ஸ்கிரீன்ஷாட் எடுத்து இவற்றை அழிக்கப் பார்ப்பது, ஏ.ஐ. பயன்படுத்தியதைவிடப் பெரிய குற்றமாகப் படும்.

படைப்பின் குறிப்பு இப்படி இருக்கலாம்: "சால்வையுடன் நாற்காலி. கரிக்கோல், தாள், 42 × 59.4 செ.மீ. ஒளியமைப்பைத் தீர்மானிக்க, என் கோட்டோவியத்தைக் கொண்டு ஸ்டேபிள் டிஃப்யூஷன் எக்ஸ்.எல்., கன்ட்ரோல்நெட் வழியாக ஆறு சிறு மாதிரிகள் உருவாக்கினேன். ஸ்கெட்ச்புக் பக்கத்தில் காண்க. இறுதிப் படைப்பு நேரில் பார்த்துக் கையால் வரைந்தது." கருவியின் பெயர், எந்தக் கட்டம், உள்ளே கொடுத்தது யாருடையது, இறுதிப் படத்தில் ஏ.ஐ. பகுதி உண்டா இல்லையா என்ற நான்கும் இதில் இருக்கின்றன. "ஏ.ஐ. உதவியுடன்" என்று மட்டும் எழுதினால் குழு மிக மோசமானதையே ஊகித்துக்கொள்ளும்.

போர்ட்ஃபோலியோவை இணையத்திலும் வைப்பவர்கள் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023-இல் வெளியிட்ட கிளேஸைப் பயன்படுத்தலாம். பாணியை மாடல்கள் நகலெடுப்பதைக் கடினமாக்கும் சிறு மாற்றங்களை அது பிக்சலில் செய்கிறது, இலவசம். முழுப் பாதுகாப்பு என்று நினைக்க வேண்டாம். தட்டையான நிறப்பரப்பிலும் வெண்தாளிலும் மெல்லிய அலைபோன்ற தடம் கண்ணுக்கே தெரியும். அதனால் கிளேஸ் செய்த நகல் இணையதளத்துக்கு மட்டும் போகட்டும். கல்லூரிக்குப் பதிவேற்றும் கோப்பு சுத்தமான மூலத்திலிருந்து எடுத்ததாக இருக்க வேண்டும். இரண்டையும் கலந்துவிடாமல் இருக்க, கோப்புப் பெயரிலேயே வேறுபாட்டை எழுதி, வேறு வேறு கோப்புறைகளில் வையுங்கள்.